பொறி எழுதினால் பொறுப்பு யாருக்கு?

புதிய கருவி ஒன்று உலகிற்கு வரும்போது, அதனைச் செய்தவர்களின் குரலே முதலில் ஒலிக்கும். அதன் பயன்களை அவர்கள் விரித்துரைப்பார்கள். அக்கருவியைச் செய்யாதவர்களாயினும் அதன் விளைவுகளோடு வாழ வேண்டியவர்களான பெருந்திரள் மக்களின் குரல் பின்னரே கேட்கும். அதுவும் தெளிவின்றியே கேட்கும். அந்தக் குரலுக்கு அச்சம் என்றும் அறியாமை என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போர்க்கு அவ்வாறு ஒதுக்க மனம் வராது.

2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவில் 'சாட்ஜிபிடி' என்னும் கணினிச் செயலி பொதுமக்களின் கைக்கு வந்தது. கேட்ட பொருளில் கடிதமும் கட்டுரையும் கவிதையும் நொடிப்பொழுதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு அது. சொன்னபடி ஓவியம் தீட்டித் தரும் செயலிகளும் அதே ஆண்டில் பரவலாயின. இவற்றைச் செய்தோர் ஒரு சிலர். ஆசிரியர், எழுத்தர், ஓவியர், வழக்கறிஞர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் என, இவற்றை எதிர்கொண்டோர் பல கோடியினர்.

அவர்கள் என்ன நினைத்தார்கள்? அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் தன் நாட்டு மக்களிடம் இதனைத் தொடர்ந்து கேட்டு வந்துள்ளது. அன்றாட வாழ்வில் செயற்கை நுண்ணறிவு பெருகுவது குறித்து மகிழ்ச்சியினும் கவலையே மிகுதி என்று 2021ஆம் ஆண்டில் கூறியோர் நூற்றுக்கு 37 பேர். 2023ஆம் ஆண்டில் அத்தொகை 52 ஆக உயர்ந்தது. கவலையினும் மகிழ்ச்சியே மிகுதி என்றோர் அவ்வாண்டில் நூற்றுக்குப் பத்துப் பேரே. 2025ஆம் ஆண்டில் அந்நிலையம் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, துறை வல்லுநர்களையும் பொதுமக்களையும் தனித்தனியே வினவியது. அடுத்த இருபது ஆண்டுகளில் இதனால் நாட்டுக்கு நன்மையே விளையும் என்றோர் வல்லுநர்களில் நூற்றுக்கு 56 பேர். பொதுமக்களில் 17 பேர்.

இவ்வளவு பெரிய இடைவெளி எதனால் வந்தது? 'அறிந்தவர் நம்புகிறார், அறியாதவர் அஞ்சுகிறார்' என்று விடை கூறுவோர் உளர். இந்த விடை சரிதானா என்பதை முன்னாளைய நிகழ்ச்சிகள் சிலவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நாட்டிங்ஹாம் பின்னலாளர்

இயந்திரத்தை வெறுப்பவரை இன்றும் ஆங்கிலத்தில் 'லட்டைட்' என்பார்கள். முன்னேற்றத்தைக் கண்டு மிரளும் மூடர் என்பதே அச்சொல்லுக்கு இன்று வழங்கும் பொருள். அப்பெயருக்கு உரியவர்கள் உண்மையில் யார்?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் காலுறை பின்னி வாழ்ந்த தொழிலாளர் அவர்கள். 1811ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆர்னல்டு என்னும் சிற்றூரில் பின்னற்பொறிகள் பல ஓரிரவில் உடைக்கப்பட்டன. அக்கிளர்ச்சி விரைவில் அண்டை மாவட்டங்களுக்கும் பரவிற்று. தங்கள் தலைவர் நெட் லட்டு என்று அவர்கள் கூறிக்கொண்டார்கள். அப்படி ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை.

இங்கே கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவர்கள் உடைத்த பின்னற்பொறி அன்றைய புதுமையன்று. வில்லியம் லீ என்பவர் அதனை 1589ஆம் ஆண்டிலேயே உருவாக்கிவிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பொறியின் முன் அமர்ந்தே அவர்கள் குடும்பங்கள் பிழைத்தன. அதன் ஒவ்வோர் உறுப்பையும் விரல் நுனியில் அறிந்தவர்கள் அவர்கள். அவர்களை அறியாதவர் என்று எவ்வாறு கூறுவது?

அவர்களின் முறையீடு வேறாக இருந்தது. பொறிகள் பெரும்பாலும் வணிகர்களின் உடைமை. தொழிலாளர் அவற்றுக்கு வாடகை செலுத்தினர். காலின் வடிவிற்கேற்ப முறையாகப் பின்னுவதை விடுத்து, அகலத் துணியாகப் பின்னிக் கத்தரித்து ஓரம் தைத்த மலிவான காலுறைகளை வணிகர் சிலர் சந்தைக்கு அனுப்பினர். அவை விரைவில் பிரிந்து போயின. தொழிலின் நற்பெயரும் உடன் போயிற்று. முறையாகத் தொழில் பயிலாதோரைக் குறைந்த கூலிக்கு அமர்த்தும் வழக்கமும் பெருகியது. கூலி சரிந்தது. கிளர்ச்சியாளர் கண்ணில் பட்ட பொறிகளையெல்லாம் உடைக்கவில்லை. நியாயமான கூலி தந்தவர்களின் பொறிகளை விட்டுவைத்ததும் உண்டு.

அரசு என்ன செய்தது? பொறியுடைப்போர்க்குத் தூக்குத்தண்டனை என 1812ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. இளங்கவிஞர் பைரன் பிரபு, பிரபுக்கள் அவையில் தம் முதற் பேச்சை இச்சட்டத்தை எதிர்ப்பதற்கே பயன்படுத்தினார். அவர் பேச்சு பயன் தரவில்லை. அதே ஆண்டில் பின்னலாளர் சங்கம் நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பித் தொழிலை ஒழுங்குபடுத்தும் மசோதா ஒன்றைக் கோரியது. மக்களவையில் நிறைவேறிய அம்மசோதாவைப் பிரபுக்கள் அவை தள்ளிவிட்டது. 1813ஆம் ஆண்டு சனவரியில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

பொருளை உடைத்ததும், சில இடங்களில் உயிரைப் பறித்ததும் நியாயமென நாம் கூறவில்லை. எனினும் விண்ணப்பத்திற்குச் செவி கொடுக்காத அவை தூக்குமரத்தை மட்டும் நாட்டியது. பின்வந்த தலைமுறைகள் அவர்களின் முறையீட்டை மறந்து, அவர்கள் பெயரை ஏளனச் சொல்லாக்கிவிட்டன. கேள்வி கேட்டவரை மூடராக்குவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இஸ்தான்புல் அச்சுக்கூடம்

நம் சமுதாயத்தின் வரலாற்றிலும் இத்தகைய ஏளனம் ஒன்றுண்டு. முஸ்லிம்கள் அச்சுப்பொறியைக் கண்டு அஞ்சினார்கள், அச்சடித்தவருக்கு உதுமானிய சுல்தான்கள் மரணதண்டனை விதித்தார்கள் என்று ஐரோப்பியப் பயணிகள் எழுதினர். பின்வந்தோரும் அதனைத் திருப்பித் திருப்பி எழுதினர். அவர்கள் கூறும் அரசாணைகளின் மூலம் இதுவரை எவர் கைக்கும் கிட்டவில்லை என்பதை அண்மைக்கால ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். இஸ்தான்புல் நகரில் யூதர்கள் 1493ஆம் ஆண்டிலேயே எபிரேய எழுத்தில் நூல் அச்சிட்டனர். ஆர்மீனியரும் கிரேக்கரும் பின்னர் அச்சுக்கூடம் நிறுவினர். எனவே பொறி அந்நகருக்குப் புதியதன்று.

அவ்வாறாயின் முஸ்லிம்கள் ஏன் தாமதித்தனர்? அதற்குக் காரணங்கள் பல. பிரதி எழுதும் கலையின் உயர்வும், அதனை நம்பி வாழ்ந்தோரின் எண்ணிக்கையும், இணைத்தே எழுதப்படும் அரபு எழுத்தை ஈய அச்சில் வார்ப்பதன் அருமையும் அவற்றுட் சில. அவற்றோடு நம்பகம் என்ற ஒன்றும் சேர்ந்திருந்தது. நம் முன்னோர் ஒரு நூலைப் பெற்றபோது, எழுத்தோடு எழுதியவரையும் சேர்த்தே பெற்றனர். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து, ஆசிரியரின் இஜாஸா பெற்ற பின்னரே கற்பித்த மரபு அது. பெயரற்ற பொறியொன்று ஒரே பிழையை ஆயிரம் பிரதிகளில் அடித்துத் தள்ளுமாயின் அதற்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வி வீண் ஐயம் அன்று. 1537-38ஆம் ஆண்டளவில் வெனிஸ் நகரத்துப் பகானினிகள் திருக்குர்ஆனை முதன்முதலாக அச்சிட்டனர். அரபு மொழி அறியாதார் கோத்த அச்சு அது. 'தால்', 'ஃதால்' என்னும் இரண்டு எழுத்துகளின் வேறுபாடுகூட அதில் பேணப்படவில்லை. பிழை மலிந்த அப்பதிப்பின் ஒரே ஒரு பிரதிதான் இருபதாம் நூற்றாண்டில் வெனிஸ் மடாலய நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. தோற்றத்தில் அரபு, உள்ளே அறிவாரற்ற அரபு.

1727ஆம் ஆண்டில் சுல்தான் மூன்றாம் அஹ்மத், இப்ராஹீம் முத்தஃபர்ரிக்கா என்பவருக்கு அச்சுக்கூடம் நிறுவ அனுமதி வழங்கினார். முத்தஃபர்ரிக்கா ஹங்கேரிய வழியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். அச்சின் பயன்களை விளக்கி அவர் ஒரு சிறு நூலே எழுதினார். ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபெந்தி இதற்கு ஆதரவாக ஃபத்வா அளித்தார். அந்த ஃபத்வாவை ஊன்றிப் படிக்க வேண்டும். அறிஞர்கள் மூலப்பிரதியைச் சரிபார்த்துத் திருத்துவார்களாயின் அச்சிடுதல் நற்செயலே என்பது அதன் சாரம். அவ்வண்ணமே திருத்துவோராக அறிஞர்கள் நியமிக்கப்பட்டனர். மார்க்க நூல்கள் அப்போதைக்கு விலக்கி வைக்கப்பட்டன. 1729ஆம் ஆண்டில் முதல் நூல் வெளிவந்தது. அல்ஜவ்ஹரீயின் அரபு அகராதியினுடைய துருக்கி மொழிபெயர்ப்பு அது. ஆயிரம் பிரதிகள் அச்சாயின.

அச்சினை வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. 'யார் சரிபார்ப்பார்?' என்று கேட்டார்கள். விடை கிடைத்ததும் வழிவிட்டார்கள்.

பின்னர் நிகழ்ந்தது இதனை இன்னும் தெளிவாக்கும். 1796ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் கல்லச்சு முறை உருவாயிற்று. காத்திபின் கையெழுத்தையே கல்லில் படியச் செய்து அச்சிடும் முறை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரசீகத்திலும் லக்னோவிலும் அம்முறை செழித்தது. ஈய எழுத்தின் முன் தயங்கிய சமுதாயம் கல்லச்சை விரும்பி ஏற்றது. நம் நாட்டில் அரபுத்தமிழ் நூல்கள் பலவும் கல்லச்சிலேயே வெளிவந்தன; பழைய இல்லங்களின் பேழைகளில் அவற்றை இன்றும் காணலாம். இறுதியில், 1924ஆம் ஆண்டில் கெய்ரோவில், அறிஞர் குழு சரிபார்த்த திருக்குர்ஆன் பதிப்பு ஈய எழுத்திலேயே கோக்கப்பட்டு வெளிவந்து பரவலாக ஏற்கப்பட்டது.

இத்தாமதத்தால் இழப்பே இல்லை என்று வாதிட நாம் முற்படவில்லை. நூல்கள் மலிவாகப் பரவியிருந்தால் பயனடைந்திருக்கக்கூடிய தலைமுறைகள் உண்டு. தயக்கத்திற்கும் விலை உண்டு. அவசரத்திற்கும் விலை உண்டு. இரண்டையும் எடைபோடும் உரிமை, பொறியை விற்பவருக்கு மட்டும் உரியதன்று.

ஒரு பேராசிரியரின் கலக்கம்

பொறியை ஆக்கியோர் அனைவரும் ஒரே கருத்தினர் என எண்ணுவதும் தவறு. 1966ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், 'எலிசா' என்னும் உரையாடும் கணினி நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர் போல அது பேசும். எதிரிலிருப்பவர் சொன்னதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அதனினும் மேலான அறிவு எதுவும் அதற்கு இல்லை. அவர் அதனை உருவாக்கியதைப் பல மாதங்கள் அருகிலிருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அந்த அம்மையாரே ஒருநாள் அதனோடு உரையாடத் தொடங்கியதும், பேராசிரியரைச் சற்றே வெளியே செல்லும்படி வேண்டினார்.

பேராசிரியர் கலங்கிப் போனார். எளிய நிரலொன்றின் முன் மனிதர் இவ்வளவு விரைவில் மனம் திறப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. கணினியால் செய்ய இயலும் என்பதாலேயே அதனிடம் ஒப்படைத்துவிடக் கூடாத பணிகள் உண்டு என்று 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதிட்டார். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு தப்பி வந்தவர் அவர். மனிதரை எண்களாகக் காணும் போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்தவர்.

பொதுமக்களின் மனப்பான்மையில் அச்சம் மட்டுமே இல்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. எளிதில் நம்பிவிடும் இயல்பும் அதில் உண்டு. அச்சத்தினும் இதுவே ஆபத்தானதாக முடியலாம். 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வழக்கறிஞர்கள் சிலர் நீதிமன்றத்தில் ஒரு மனுவைத் தாக்கல் செய்தனர். அதில் மேற்கோளாகக் காட்டப்பட்ட தீர்ப்புகளில் ஆறு, உலகில் எங்குமே வழங்கப்படாதவை. செயற்கை நுண்ணறிவு அவற்றைத் தானே புனைந்து தந்திருந்தது. அவை உண்மையானவைதாமா என்று அதனிடமே கேட்டபோது, ஆம் என்றது. நீதிபதி 5000 டாலர் அபராதம் விதித்தார். அபராதம் பொறிக்கு அன்று, அதனை நம்பிக் கையொப்பமிட்ட மனிதருக்கே என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

இது எதனால் நிகழ்கிறது? இவ்வகைச் செயலிகள் பெருந்தொகையான எழுத்துகளைப் பயின்று, ஒரு சொல்லையடுத்து எச்சொல் வருவது பொருத்தமாயிருக்கும் எனக் கணித்து எழுதுகின்றன. பொருத்தமானது எல்லாம் உண்மையாகிவிடாது. மொழி பிசகாமல் செய்தி பிசகும் எழுத்து அது. வெனிஸ் பதிப்பிலாவது பிழை கண்ணுக்குத் தெரிந்தது.

எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம்

நாட்டிங்ஹாமில் கிட்டாதது ஹாலிவுட்டில் ஓரளவு கிட்டியது. 2023ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் ஏறத்தாழ 11,500 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதியமே முதன்மைக் கோரிக்கை. எனினும் செயற்கை நுண்ணறிவு பற்றிய கோரிக்கையே உலகின் கவனத்தை ஈர்த்தது. சூலை 14இல் நடிகர்களும் தம் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர்.

எழுத்தாளர்களின் போராட்டம் 148 நாள்கள் நீடித்தது. பொறியைத் தடைசெய்க என்று அவர்கள் கோரியிருப்பார்கள் என எண்ணுவோர் உடன்பாட்டின் விதிகளைக் காண வேண்டும். நிறுவனத்தின் இசைவோடு எழுத்தாளர் விரும்பினால் அதனைப் பயன்படுத்தலாம். பயன்படுத்துமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. பொறி எழுதியதை எழுத்தாளரிடம் கொடுத்தால் அவ்வாறே அறிவித்துக் கொடுக்க வேண்டும். பொறி ஆசிரியராகக் கருதப்படாது. நடிகர்களும் 118 நாள் போராட்டத்திற்குப் பின், தம் உருவத்தையும் குரலையும் கணினியில் படியெடுப்பதற்குத் தம் இசைவும் ஊதியமும் வேண்டும் என்னும் விதிகளைப் பெற்றனர்.

மற்றொரு முறையீடு நீதிமன்றத்திற்குச் சென்றது. தம் நூல்களைக் கேளாமலே எடுத்துப் பொறிக்குப் பயிற்றினர் என்பது நூலாசிரியர்களின் குறை. அவ்வழக்குகளுள் ஒன்றில், வாங்கிய நூலைக் கொண்டு பொறியைப் பயிற்றுவது சட்டத்திற்கு மாறானதன்று என்றும், திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து வைத்தது வேறு என்றும் 2025ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நீதிபதி பிரித்துரைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனம் 150 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள உடன்பட்டது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் நூல்கள். நூலொன்றுக்கு ஏறத்தாழ 3000 டாலர். பிறர் உழைப்பை எடுத்தாளுவோர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை இவ்வளவு பெருந்தொகை உலகுக்கு உணர்த்திற்று.

நாம் கேட்க வேண்டியவை

முன்பு கூறிய வினாவிற்கு இப்போது திரும்புவோம். வல்லுநர்க்கும் மக்களுக்கும் இடையே உள்ள தூரம் அறிவின் தூரம் மட்டும்தானா? பியூ நிலையத்தின் அதே 2025ஆம் ஆண்டு ஆய்வில் வேறொரு செய்தி உண்டு. தம் வாழ்வில் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதில் தமக்கு இன்னும் அதிகக் கட்டுப்பாடு வேண்டும் என்றோர் மக்களில் நூற்றுக்கு 55 பேர். வல்லுநர்களில் 57 பேர். நன்மை வருமா என்பதில் வேறுபட்டோர், கடிவாளம் தம் கையில் வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். அறியாமையே கவலைக்குக் காரணமென்றால் வல்லுநர்கள் இவ்வாறு கூறியிருக்க மாட்டார்கள்.

காலுறை பின்னியவர் 'தரமும் கூலியும் என்னாகும்?' என்று கேட்டார். இஸ்தான்புல் அறிஞர் 'யார் சரிபார்ப்பார்?' என்று கேட்டார். திரைக்கதை எழுதியவர் 'யார் பெயரில், யார் இசைவோடு?' என்று கேட்டார். இவை பொறியை வெறுப்போரின் கேள்விகள் அல்ல. பொறுப்பைத் தேடுவோரின் கேள்விகள்.

இக்கேள்விகள் இன்று நம் இல்லங்களின் வாயிலிலும் நிற்கின்றன. பள்ளியில் கொடுத்த கட்டுரையைப் பொறி எழுதித் தந்தால் பிள்ளையின் மதிப்பெண் உயரலாம். எழுதிப் பழக வேண்டிய கை பழகாமலே நின்றுவிடும். மார்க்கச் சட்டம் ஒன்றைப் பொறியிடம் கேட்டால், தடையின்றி விடை வரும், நூற்பெயரும் வரலாம். அந்நூலில் அச்செய்தி உள்ளதா என்று பிரித்துப் பார்க்காமல் அதனை அவையில் எடுத்துரைப்பவர், நியூயார்க் வழக்கறிஞர்களின் நிலைக்கு ஆளாவார். பழங்கால அறிவிப்பாளர் ஒருவரின் நினைவாற்றலைக்கூட ஆராய்ந்து பார்த்தவர்களின் வழிவந்தோர், பெயரும் முகமும் அற்ற அறிவிப்பாளரை ஆராயாது ஏற்பது பொருந்துமா?

எனினும் கதவை அடைத்துக்கொள்வதும் நம் வழியன்று. கண் மங்கிய முதியவருக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டவும், அயல்மொழி நூலின் சாரத்தை அறியவும், விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் தம் குறையை முறையாக எழுதிக்கொள்ளவும் இக்கருவி உதவும். அவ்வுதவியை இகழ்வோர், எழுதத் தெரிந்தவரின் வாயிலில் காத்து நின்ற ஏழையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களிலும், பத்திரிகைகளிலும், தொழிற் சங்கங்களிலும், மதரஸாக்களிலும் மேற்கண்ட கேள்விகளை வாய்விட்டுக் கேட்க வேண்டும். பொறி எழுதியது எது என்று அறிவிக்கச் செய்தல், சரிபார்க்கும் மனிதர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்தல், எவருடைய உழைப்பிலிருந்து அது கற்றதோ அவருக்கு உரியதை வழங்கச் செய்தல் ஆகிய மூன்றும் புதிய கோரிக்கைகள் அல்ல. முத்தஃபர்ரிக்காவின் அச்சுக்கூடத்தில் திருத்துவோர் அமர்ந்த பிறகே பொறி சுழன்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நகரம் செய்ததை நாமும் செய்யலாம்.